கிரஹாம் பெல் முறுக்கிவிட்ட கம்பி: உங்கள் லேன் கேபிளுக்குள் ஒரு வாழ்க்கைக் கதை

வீட்டுக்குப் புது பிராட்பேண்ட் இணைப்பு கொடுக்க டெக்னீஷியன் வருகிறார். கேட் 6 போடவா, கேட் 5இ போதுமா என்று கேட்கிறார். ஆர்ஜே-45 அடிக்கணும், லைன்ல டிபி லாஸ் இருக்கு, கிராஸ்டாக் வரும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பெரும்பாலானவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, நெட் வந்தா சரி என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் ஸ்பீடு 95-ஐத் தாண்ட மாட்டேங்குதே என்று மாதக்கணக்கில் கஸ்டமர் கேருக்கு போன் போடுவார்கள்.

இந்த வார்த்தைகள் நேற்று முளைத்தவை இல்லை. இவற்றில் பலவற்றின் வேரைத் தோண்டினால், 1922-ல் இறந்துபோன ஒரு மனிதரிடம் போய் நிற்கும். அவர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். டெலிபோனைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோன அதே பெல்தான். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் லேன் கேபிளில் ஏன் கம்பிகள் முறுக்கியிருக்கின்றன, டெசிபல் என்றால் என்ன, ஃபைபர் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் சேர்ந்தே புரிந்துவிடும். அந்த வாழ்க்கையில் பாராட்ட முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

காது கேளாத அம்மா, பேச்சு கற்றுத்தரும் அப்பா

1847 மார்ச் 3-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார் பெல். அப்பா அலெக்ஸாண்டர் மெல்வில் பெல், பேச்சுக்கலை ஆசிரியர். மனித வாயிலிருந்து வரும் எந்த ஒலியையும் எழுதிக்காட்டக்கூடிய ஒரு குறியீட்டு முறையை உருவாக்கியவர். நாக்கு எங்கே இருக்க வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும் என்று அந்தக் குறியீடுகளே சொல்லிவிடும்.

அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் கேட்புக் குழாயில் கத்திப் பேசும்போது, சிறுவன் பெல் வேறொரு வழியைப் பிடித்தார். அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசுவார். அதிர்வு எலும்பு வழியாகப் போய்ச் சேரும் என்பது அவருடைய கணக்கு. ஒலி என்பது வேறொன்றுமில்லை, அதிர்வுதான். அது காற்றில் மட்டுமல்ல, வேறு எதன் வழியாகவும் பயணிக்கும். டெலிபோனுக்கான விதை அந்த வீட்டிலேயே விழுந்துவிட்டது.

அண்ணன், தம்பி இருவரையும் காசநோய் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870-ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு, காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு கற்றுத்தரும் வேலைக்குப் போனார். கடைசிவரை தன் தொழில் என்ன என்று கேட்டால், கண்டுபிடிப்பாளர் என்றல்ல, காது கேளாதோர் ஆசிரியர் என்றே அடையாளப்படுத்திக்கொள்ள விரும்பினார்.

ஒரே கம்பியில் பல செய்தி: மல்டிபிளெக்ஸிங்

1870-களில் தந்தி கம்பெனிகளுக்கு ஒரு பெரிய தலைவலி. ஒரு கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய செய்திகள் மிகக் குறைவு. கூட்டம் அதிகமானால் இன்னொரு கம்பி இழுக்கணும், இன்னும் கம்பங்கள் நடணும். செலவு எகிறும்.

ஒலி ஆசிரியரான பெல்லுக்கு ஒரு யோசனை வந்தது. பியானோவில் பல கட்டைகளை ஒன்றாக அழுத்தினாலும் காது ஒவ்வொரு சுரத்தையும் தனியாகப் பிரித்துவிடுகிறது அல்லவா? அதேபோல ஒவ்வொரு தந்திச் செய்தியையும் ஒவ்வொரு சுருதியில் அனுப்பினால், ஒரே கம்பியில் பல செய்திகள் போகலாம். மறுமுனையில் அந்தந்தச் சுருதிக்கு ஏற்ற தகடு மட்டும் அதிரும். இதற்கு ஹார்மோனிக் டெலிகிராஃப் என்று பெயர்.

இன்று இதைத்தான் மல்டிபிளெக்ஸிங் என்கிறோம். பழைய பிஎஸ்என்எல் லேண்ட்லைனில் டிஎஸ்எல் இன்டர்நெட் வந்த காலம் நினைவிருக்கிறதா? போனில் பேசிக்கொண்டே நெட்டும் பார்க்க முடிந்தது. பேச்சு தாழ்ந்த அதிர்வெண்களில், டேட்டா உயர்ந்த அதிர்வெண்களில், இரண்டும் ஒரே செம்புக் கம்பியில் போயின. அவற்றைப் பிரித்துக் கொடுத்த குட்டி டப்பாதான் ஸ்ப்ளிட்டர்.

பெல்லின் இரண்டு மாணவர்களின் அப்பாக்கள் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட்டார்கள். ஒருவர் தாமஸ் சாண்டர்ஸ். இன்னொருவர் வழக்கறிஞர் கார்டினர் ஹப்பர்ட். அவருடைய மகள் மேபெல் ஐந்து வயதில் வந்த காய்ச்சலால் கேட்கும் திறனை முழுவதும் இழந்தவர். பெல்லின் மாணவியாக வந்த மேபெல்லே பிறகு அவருடைய மனைவியும் ஆனார்.

1876: ஒரே நாளில் இரண்டு மனுக்கள்

1875 ஜூன் 2-ம் தேதி, பட்டறையில் உதவியாளர் தாமஸ் வாட்சன் சிக்கிக்கொண்ட ஒரு தகட்டை விரலால் சுண்டிவிட்டார். இன்னொரு அறையில் இருந்த பெல்லின் காதில் அந்தத் தகட்டின் ஓசை அப்படியே கேட்டது. இருக்கு-இல்லை என்று துடிக்கும் தந்தி மின்சாரத்துக்குப் பதில், ஒலியைப் போலவே ஏறி இறங்கும் மின்சாரத்தை அனுப்பினால் குரலையே கம்பியில் ஏற்றலாம் என்று பெல் உறுதியாக நம்பத் தொடங்கியது அன்றுதான்.

1876 பிப்ரவரி 14-ம் தேதி பெல்லின் காப்புரிமை விண்ணப்பம் வாஷிங்டனில் தாக்கலானது. அதே நாளில் எலிஷா கிரே என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளரின் முன்னறிவிப்பு மனுவும் அதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. மார்ச் 7-ம் தேதி 174465 என்ற எண்ணுள்ள காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, மார்ச் 10-ல், பக்கத்து அறையில் இருந்த வாட்சனைக் கம்பி வழியாகக் கூப்பிட்டார் பெல். வாட்சனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

யார் முதலில் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்த அன்டோனியோ மெயுச்சி 1871-லேயே ஒரு முன்னறிவிப்பு மனு போட்டிருந்தார். வறுமையால் அதை 1874-க்குப் பிறகு புதுப்பிக்க முடியவில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2002-ல் அவருடைய பங்களிப்பை அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. பெல் தரப்பு சுமார் 600 வழக்குகளைச் சந்தித்தது. 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் காப்புரிமையை உறுதி செய்தது.

1877 ஜூலையில் பெல் டெலிபோன் கம்பெனி தொடங்கியது. இரண்டே நாளில் பெல்லுக்கும் மேபெல்லுக்கும் கல்யாணம். தன்னிடமிருந்த கம்பெனிப் பங்குகளில் வெறும் 10 மட்டும் வைத்துக்கொண்டு, மீதி அத்தனையையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாக எழுதிக்கொடுத்துவிட்டார். தான் கண்டுபிடித்த கருவியில் தன் மனைவியால் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்விட்ச், ஜாக், பேட்ச் கார்டு: எங்கிருந்து வந்தன?

முதல் டெலிபோன்கள் ஜோடி ஜோடியாக விற்கப்பட்டன. கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, நடுவில் ஒரு கம்பி. அவ்வளவுதான். பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் 45 கம்பிகள் இழுக்கணும். நூறு பேருக்கு 4,950 கம்பிகள்! நடக்கிற காரியமா?

பெல்லின் உரையைக் கேட்ட ஜார்ஜ் காய் என்பவர், 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் உலகின் முதல் வணிக டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் திறந்தார். சந்தாதாரர்கள் 21 பேர். எல்லாருடைய கம்பியும் ஒரே இடத்துக்கு வரும். யாருக்கு யார் வேண்டுமோ அவர்களை ஓர் ஆபரேட்டர் இணைத்துவிடுவார். அந்தப் பலகைக்குப் பெயர் ஸ்விட்ச்போர்டு. பின்னாளில் அதில் இருந்த துளைகள் ஜாக். ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்குப் போட்ட குட்டைக் கயிறு கார்டு. 1882-ல் மெட்ராஸிலும் இப்படி ஓர் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது.

ஆபீஸ் சர்வர் ரூமை எட்டிப் பாருங்கள். அதே வார்த்தைகள்தான். சுவரில் இருப்பது ஜாக். அங்கிருந்து லேப்டாப்புக்கு வரும் குட்டைக் கேபிள் பேட்ச் கார்டு. ரேக்கில் வரிசையாகத் துளைகளோடு, விளக்குகள் மினுங்க இருப்பது ஸ்விட்ச். அந்தக் கால ஆபரேட்டரின் வேலையை இப்போது இது செய்கிறது. எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, உரிய துளைக்கு மட்டும் டேட்டாவை அனுப்பும்.

இதற்கு முன் ஹப் என்று ஒன்று இருந்தது. அது எதையும் பார்க்காது. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளிலும் கத்திவிடும். தெருவுக்கே ஒரே லைன் கொடுத்து, யாருக்கு போன் வந்தாலும் எல்லார் வீட்டிலும் கேட்கிற மாதிரி. ரௌட்டர் வேறு. உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளி உலக நெட்வொர்க்குக்கும் நடுவே நின்று வழிகாட்டுவது அது. வீட்டில் இருக்கும் வைஃபை பாக்ஸில் ரௌட்டர், ஸ்விட்ச் இரண்டும் ஒரே டப்பாவுக்குள் அடைபட்டிருக்கின்றன. அதனால்தான் குழப்பம்.

இரைச்சலுக்கு மருந்து: முறுக்கு

இப்போது கதையின் முக்கியமான இடம். எக்ஸ்சேஞ்ச் வந்தது, சந்தாதாரர்கள் வந்தார்கள். கூடவே இரைச்சலும் வந்தது.

அந்தக் காலத்து டெலிபோன் லைனில் ஒரே ஒரு கம்பிதான். மின்சாரம் போகக் கம்பி, திரும்பி வர பூமி. தந்திக்கு அது போதும். ஆனால் டெலிபோன் ரொம்ப நுணுக்கமான காது. ஒரே கம்பத்தில் பக்கத்தில் ஓடும் தந்திக் கம்பியின் டக் டக் ஓசை பேச்சுக்கு நடுவே கேட்கும். பக்கத்து டெலிபோன் லைனில் இருப்பவர்களின் குடும்பச் சண்டையும் கேட்கும். இதுதான் கிராஸ்டாக். லேண்ட்லைன் காலத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டால், அனுபவத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

காரணம் மின்தூண்டல். ஒரு கம்பியில் மின்சாரம் ஏறி இறங்கினால் சுற்றிலும் ஒரு காந்தப்புலம் ஏறி இறங்கும். அது பக்கத்துக் கம்பியிலும் ஒரு சின்ன மின்சாரத்தைக் கிளப்பிவிடும். கம்பிகள் ஒன்றையொன்று தொடவே வேண்டாம்.

பெல் கொடுத்த தீர்வுக்கு 1881 ஜூலை 19-ம் தேதி 244426 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. பூமியை விட்டுவிடு. ஒரு லைனுக்கு இரண்டு கம்பி கொடு. அந்த இரண்டையும் கயிறு திரிப்பது போல ஒன்றையொன்று சுற்றி முறுக்கு. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

இது எப்படி வேலை செய்கிறது? இரைச்சல் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்காத இரண்டு கம்பிகளில் ஒன்று அதற்கு எப்போதும் கிட்டே இருக்கும், இன்னொன்று தள்ளி இருக்கும். கிட்டே இருப்பது அதிக இரைச்சலை வாங்கும். முறுக்கிவிட்டாலோ, இந்த இடத்தில் ஒரு கம்பி கிட்டே, அடுத்த வளைவில் மற்றது கிட்டே. மொத்த நீளத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே அளவு இரைச்சலை வாங்கியிருக்கும். மறுமுனையில் இருக்கும் கருவி இரண்டு கம்பிகளுக்கும் நடுவிலான வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். இரண்டிலும் சமமாக ஏறிய இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகும். குரல் மட்டும் மிஞ்சும்.

இதை உடனே எல்லாரும் செய்துவிடவில்லை. ஒவ்வொரு லைனுக்கும் கம்பி இரட்டிப்பு என்றால் செலவும் இரட்டிப்பு. ஆனால் நகரங்களில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியதும் இரைச்சல் தாங்க முடியாமல் போனது. வேறு வழியில்லாமல் கம்பெனிகள் இரட்டைக் கம்பிக்கு மாறின.

இனி உங்கள் லேன் கேபிளின் வெளித்தோலை உரித்துப் பார்த்தால் ஆச்சரியம் வராது. உள்ளே நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு ஜோடியிலும் முறுக்கின் நெருக்கம் வேறு வேறாக இருப்பது தெரியும். எல்லாம் ஒரே அளவில் முறுக்கினால் பக்கத்து ஜோடிகளின் வளைவுகள் ஒரே தாளத்தில் சேர்ந்து, கிராஸ்டாக் திரும்ப வந்துவிடும்.

- யூடிபி: மேலே உலோக உறை இல்லாத முறுக்கு ஜோடிக் கேபிள். வீடு, ஆபீஸ் எல்லாம் பெரும்பாலும் இதுதான்.
- எஸ்டிபி, எஃப்டிபி: உலோக வலையோ மெல்லிய தகடோ சுற்றிய கேபிள். பெரிய மோட்டார்கள், மின்சாரக் கேபிள்கள் பக்கத்தில் ஓடும் இடங்களுக்கு.
- கேட் 5இ: 1 ஜிபிபிஎஸ் வேகம், 100 மீட்டர் தூரம் வரை.
- கேட் 6: முறுக்கும் தரமும் இன்னும் கறார். 10 ஜிபிபிஎஸ் வேகத்தைச் சுமார் 55 மீட்டர் வரை கொண்டுபோகும்.
- கேட் 6ஏ: அதே 10 ஜிபிபிஎஸ், முழு 100 மீட்டருக்கு.

அப்படியென்றால் 300 எம்பிபிஎஸ் பிளானில் 95 வருவது ஏன்? 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். எட்டு கம்பிகளில் ஒன்றே ஒன்று சரியாக அழுந்தவில்லை என்றாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஸ்பீடு 90-களில் அப்படியே நின்றால், பிளானைத் திட்டுவதற்கு முன் கனெக்டரைப் பாருங்கள்.

கனெக்டர் அடிக்கும்போது முறுக்கை அரை இன்ச்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். பிரித்த இடத்தில் பெல்லின் வைத்தியம் வேலை செய்யாது. வரிசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1-2 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. ஆனால் 3-ம் 6-ம் சேர்ந்து ஒரு ஜோடி. நடுவில் இருக்கும் 4-5 பழைய டெலிபோன் லைனுக்கான இடம் என்பதால், மற்றொரு ஜோடி அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இது தெரியாமல் 3-4, 5-6 என்று ஜோடி சேர்த்து அடித்தால், சாதாரண டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும். நெட் மட்டும் தடுமாறும். இதற்கு ஸ்ப்ளிட் பேர் என்று பெயர்.

ஆர்ஜே-45 என்ற பெயருக்கும் டெலிபோன்தான் காரணம். அமெரிக்காவில் பெல் பெயரால் வளர்ந்த ஏடி அண்ட் டி நிறுவனம், தன் லைனில் வெளிக் கருவிகளை மாட்ட விடாமல் வைத்திருந்தது. 1970-களில் அரசு விதிகள் அதைத் திறந்துவிட்டபோது, பதிவு செய்யப்பட்ட ஜாக் என்ற பொருளில் ரெஜிஸ்டர்டு ஜாக் வரிசை வந்தது. அதன் சுருக்கம்தான் ஆர்ஜே.

அதே ஜூலை மாதம், ஒரு ஜனாதிபதியின் படுக்கை

முறுக்குக் கம்பிக்குக் காப்புரிமை கிடைத்த அந்த 1881 ஜூலையில் பெல்லின் கவனம் வேறிடத்தில் இருந்தது. ஜூலை 2-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருடங்கள் இருந்தன.

டெலிபோன் லைனின் இரைச்சலை எப்படி ஒழிப்பது என்று ஆராய்ந்தபோது பெல் ஒன்றைக் கவனித்திருந்தார். சமநிலையில் வைத்த கம்பிச் சுருள்களுக்குப் பக்கத்தில் உலோகத்தைக் கொண்டுபோனால் சமநிலை கெட்டு, டெலிபோனில் ஓசை கேட்கும். இதை வைத்து இரவு பகலாக ஒரு உலோகம் கண்டறியும் கருவியைச் செய்தார். ஜூலை 26-ம் தேதியும் ஆகஸ்ட் 1-ம் தேதியும் வெள்ளை மாளிகையில் அதைச் சோதித்தார். தோல்வி. படுக்கைக்கு உள்ளே இருந்த உலோகச் சுருள்கள் குழப்பின. தலைமை மருத்துவர் பிளிஸ், குண்டு வலப்பக்கம்தான் என்ற நம்பிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் தேடவிட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19-ம் தேதி கார்ஃபீல்ட் இறந்தார்.

பெல் இந்த வேலையில் மூழ்கியிருந்த ஆகஸ்ட் மாதத்தில், மேபெல்லுக்குக் குறைமாதத்தில் ஆண் குழந்தை பிறந்து சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. எட்வர்ட் என்று பெயரிட்டார்கள். மூச்சுத் திணறுபவர்களுக்கு உதவும் ஒரு கருவியைச் செய்யும் முயற்சியில் பெல் அதன் பிறகு இறங்கினார்.

வெளிச்சத்தில் ஏறிய குரல்: ஃபைபருக்கு முன்னோடி

பெல் தன் வாழ்நாளின் மிகப்பெரிய சாதனையாக நினைத்தது டெலிபோனை இல்லை. 1880-ல் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டருடன் சேர்ந்து செய்த போட்டோபோனைத்தான்.

மெல்லிய கண்ணாடி ஒன்றின் மேல் சூரிய ஒளியை விழவைத்து, அதன் பின்னால் நின்று பேச வேண்டும். குரலுக்கேற்ப கண்ணாடி அதிரும். எதிரொளிக்கும் வெளிச்சமும் அதற்கேற்பக் கூடிக் குறையும். மறுமுனையில் செலினியம் என்ற பொருள் அந்த மாற்றத்தை மின்சாரமாக்க, டெலிபோன் அதைக் குரலாக்கும். வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூட மாடியிலிருந்து சுமார் 213 மீட்டர் தள்ளியிருந்த ஆய்வகத்துக்குக் கம்பியே இல்லாமல் குரல் போய்ச் சேர்ந்தது.

மேகம் வந்தால் அவ்வளவுதான். மழை வந்தாலும் அவ்வளவுதான். வெளிச்சத்தைப் பத்திரமாகக் கொண்டுபோக ஒரு பாதை அந்தக் காலத்தில் இல்லை. அந்தப் பாதை கண்ணாடி இழைதான் என்றும், கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தமாக்கினால் போதும் என்றும் 1966-ல் காட்டியவர் சார்ல்ஸ் காவ். அதற்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று வீட்டுக்கு வரும் மெல்லிய ஃபைபர் கேபிளுக்குள் ஓடுவது பெல் ஆசைப்பட்ட அதே ஒளிதான். அந்த ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றித் தரும் டப்பாவைத்தான் டெக்னீஷியன்கள் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்கிறார்கள். அதில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரீஸ்டார்ட் பண்ணி உட்கார்ந்திருப்பதில் பலனில்லை. பெரும்பாலும் கேபிள் எங்கோ உடைந்திருக்கும், அல்லது மடிந்திருக்கும்.

அவருக்குக் கேட்காமல் போன குரல்

பெல்லைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப்போகும் பகுதி இது. அம்மா, மனைவி இருவருமே காது கேளாதவர்கள். ஆயுள் முழுக்க காது கேளாத பிள்ளைகளுக்காக உழைத்தவர். ஹெலன் கெல்லரின் அப்பா உதவி கேட்டு வந்தபோது சரியான பள்ளிக்கு வழிகாட்டியவர் பெல்தான். ஹெலன் தன் சுயசரிதையை அவருக்கே சமர்ப்பித்தார்.

ஆனால், காது கேளாதவர்கள் சைகை மொழியில் அல்ல, வாயசைவைப் படித்து வாயால் பேசித்தான் வாழ வேண்டும் என்பதில் பெல் பிடிவாதமாக இருந்தார். 1883-ல் அவர் வாசித்த ஆய்வுரை, காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டால் காது கேளாத ஒரு மனித வகையே உருவாகிவிடும் என்று எச்சரித்தது. அப்படிப்பட்ட கல்யாணங்களைச் சட்டம் போட்டுத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஒன்றுசேர்ந்து படிக்கும் உறைவிடப் பள்ளிகள், சைகை மொழி, காது கேளாத ஆசிரியர்கள் மூன்றையும் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். 1921-ல் நியூயார்க்கில் நடந்த சர்வதேச இனமேம்பாட்டு மாநாட்டுக்கு அவர் கௌரவத் தலைவர்.

பெற்றோர் காது கேளாதவர்களாக இருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குக் காது கேட்கும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அதற்குள் பல தலைமுறைப் பிள்ளைகள் வகுப்பில் சைகை செய்யத் தடைவிதிக்கப்பட்டு, தங்கள் மொழியைப் பறிகொடுத்திருந்தார்கள். இதற்கு பெல் ஒருவரே காரணம் இல்லை என்றாலும், அந்தக் கொள்கைக்குக் கிடைத்த மிகப் பிரபலமான முகம் அவருடையது. உலகத்தைப் பேசவைத்தவர் என்று மற்றவர்கள் கொண்டாடும் அதே பெயர், காது கேளாதோர் சமூகத்தில் பலருக்கு இன்றும் கசப்பு.

நாடு முழுக்க ஒரு கம்பி

டெலிபோன் கம்பெனியின் அன்றாட நிர்வாகத்திலிருந்து பெல் சீக்கிரமே விலகிவிட்டார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பாடெக் என்ற ஊர்ப் பக்கம் வீடு கட்டி, பட்டம், விமானம், படகு என்று ஆராய்ச்சியில் இறங்கினார். அவருடைய குழு செய்த சில்வர் டார்ட் விமானம் 1909 பிப்ரவரியில் கனடாவில் பறந்தது. 1919-ல் அவர் குழுவின் நீரிறக்கைப் படகு மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

1915 ஜனவரி 25-ம் தேதி பழைய வேலைக்கு ஒருநாள் திரும்பினார். நியூயார்க்கில் பெல், சான்பிரான்சிஸ்கோவில் வாட்சன். நடுவில் ஒரு முழு நாடு, சுமார் 1.3 லட்சம் கம்பங்கள். 1876-ல் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்ட அதே வாசகத்தை பெல் திரும்பச் சொன்னார். இப்போது வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்று வாட்சன் பதில் கொடுத்தார்.

இவ்வளவு தூரம் குரல் போனதற்குக் காரணம், வழியில் வைத்திருந்த பெருக்கிகள். கம்பியில் போகப் போக சமிக்ஞை மெலிந்துகொண்டே வரும். இதைத்தான் அட்டென்யுவேஷன் அல்லது லாஸ் என்கிறார்கள். மெலிந்ததை மீண்டும் வலுவாக்கி அனுப்புவது ரிப்பீட்டர். லேன் கேபிளை 100 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள் என்று சொல்வதற்கும், பெரிய வீடுகளில் வைஃபைக்கு ரிப்பீட்டர் வைப்பதற்கும் அடிப்படை இதே மெலிவுதான்.

அவர் பெயரில் ஓர் அளவு

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி பாடெக் வீட்டில், 75 வயதில், நீரிழிவு நோயின் பாதிப்பால் பெல் இறந்தார். மேபெல் பக்கத்தில் இருந்தார். இரண்டு நாள் கழித்து அடக்கம் நடந்தபோது, அமெரிக்காவிலும் கனடாவிலும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மேபெல்லும் இறந்துபோனார்.

அப்போது டெலிபோன் பொறியாளர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். லைனில் ஏற்படும் இழப்பை, இத்தனை மைல் கேபிளுக்குச் சமம் என்று மைல் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, போன சக்திக்கும் வந்த சக்திக்குமான விகிதத்தை மடக்கைக் கணக்கில் சொல்லும் ஒரு புது அலகை 1924-ல் கொண்டுவந்தார்கள். 1928-ல் அதற்கு பெல்லின் நினைவாக டெசிபல் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெல்லில் பத்தில் ஒரு பங்கு. அதைத்தான் டெக்னீஷியன் சுருக்கமாக டிபி என்கிறார்.

கணக்கு சுலபம்தான். 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி சக்தி போய்விட்டது. 10 என்றால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 20 என்றால் நூறில் ஒன்று. வீட்டு ஃபைபரில் டெக்னீஷியன் மீட்டர் வைத்து மைனஸ் 20 என்று சொன்னால், ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு ஒளி வருகிறது என்று பொருள். அது நல்ல அளவுதான். மைனஸ் 27-க்கும் கீழே இறங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அடுத்த முறை ஆள் வரும்போது அந்த எண் என்ன என்று கேட்டுக் குறித்துவையுங்கள். கம்ப்ளெய்ன்ட் கொடுக்கும்போது நெட் ஸ்லோ என்று சொல்வதைவிட அந்த ஒரு எண் அதிகம் பேசும்.